ரேடியேட்டரில் எண்ணெய்: ஹெட்டை இறக்குவதா, ஆயில் கூலரைக் கழற்றுவதா?

கூலண்ட் டேங்க் மூடியின் உள்பக்கம் காபி நுரை காய்ந்த மாதிரி பழுப்பாக அப்பியிருக்கிறது. விரலால் வழித்தால் வெண்ணெய் போல வழவழவென்று வருகிறது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயிலில் ஒரு குறையும் தெரியவில்லை. வண்டி பன்னிரண்டு வயது டீசல். இதைக் காட்டினால் பல பட்டறைகளில் வரும் பதில் ஒன்றுதான்: “ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார், இறக்கிடலாம்.”

ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்; ஹெட் கேஸ்கெட் அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு. அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கூலண்டில் எண்ணெய் இருக்கிறது, ஆயிலில் தண்ணீர் இல்லை, வண்டி சூடாகவில்லை, ஸ்டார்ட்டிங்கும் சரியாக இருக்கிறது என்றால் முதல் சந்தேகம், என்ஜின் ஆயிலைக் கூலண்டால் குளிர்விக்கும் ஆயில் கூலர் மேல்தான் விழ வேண்டும். கூலர் பெரும்பாலும் அரை நாள் வேலை. ஹெட்டை இறக்கினால் லேத் பட்டறை, ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது), கேஸ்கெட் செட், புது போல்ட் என்று வண்டி நாலைந்து நாள் நிற்கும். கழற்றிய பிறகு “ஹெட் நல்லாத்தான் இருக்கு” என்று தெரிந்தாலும் அந்தச் செலவு திரும்பி வராது.

ஆகவே கேள்வி, எதைக் கழற்றுவது என்பதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது: எந்தச் சோதனையை நம்பி முடிவெடுப்பது?

மூன்று அழுத்தங்கள்

என்ஜினுக்குள் மூன்று அழுத்தங்கள் சுவருக்குச் சுவர் குடியிருக்கின்றன. சிலிண்டருக்குள் கம்ப்ரஷனில் (பிஸ்டன் காற்றை அமுக்கும்போது) மட்டும் பெட்ரோலுக்கு 10 முதல் 13 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு), பழைய டீசலுக்கு 25 முதல் 30 பார்; எரியும்போது அதைவிட மிக அதிகம். ஆயில் பாதையில் வண்டி ஓடும்போது 3, 4 பார். கூலண்ட் பக்கம் ரேடியேட்டர் மூடி விடுகிற அளவுதான்; மூடியின் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும்.

சுவரில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகும். சிலிண்டருக்கும் தண்ணீருக்கும் நடுவே உடைந்தால் தண்ணீருக்குள் புகை வாயு வரும். ஹோஸ் கல் மாதிரி இறுகும், கூலண்ட் வெளியே தள்ளப்படும். எண்ணெய் வந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே உடைந்தால் ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். என்ஜினை அணைத்ததும் கதை தலைகீழ்: ஆயில் அழுத்தம் சுழியாகிவிடும், கூலண்டில் மட்டும் சூடு ஆறும் வரை அழுத்தம் நிற்கும். அந்த நேரத்தில் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். ஓட்டை சிறிதாக இருக்கும்போது டிப்ஸ்டிக் சுத்தமாகவும் டேங்க் அழுக்காகவும் தெரிவது இதனால்தான். சில வாரம் விட்டால் டிப்ஸ்டிக்கும் மோர் நிறத்துக்கு வந்துவிடும்.

இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் கீழே வரும் சோதனைகளில் எது உங்கள் வண்டிக்குத் தேவை, எது வீண் என்பது பாதி தெரிந்துவிடும்.

முதலில், அது எண்ணெய்தானா?

பழுப்பாக இருப்பதெல்லாம் எண்ணெய் இல்லை. போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் துருவும் உப்புப் படிவும் சேர்ந்து இதே நிறத்தில்தான் இருக்கும். பழைய பச்சைக் கூலண்ட் இருந்த இடத்தில் வேறு வகைச் சிவப்புக் கூலண்டை ஊற்றினால் சில நேரம் இரண்டும் சேர்ந்து ஜெல்லி மாதிரி திரளும். முன்பு யாராவது ஒழுகல் அடைக்கும் பொடியோ திரவமோ போட்டிருந்தால் அதுவும் கசடாக மிதக்கும்.

என்ஜின் ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் ஒரு டம்ளர் அளவு எடுத்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். துரு அடியில் படியும். எண்ணெய் மேலே மிதக்கும், அல்லது நடுவில் கிரீம் பட்டையாக நிற்கும். மேலே மிதப்பதில் ஒரு துளியைச் செய்தித்தாளில் விட்டுக் காயவையுங்கள். தண்ணீர் காய்ந்தபின்னும் பஜ்ஜி வைத்த தாள் மாதிரி ஒளி ஊடுருவும் கறை நின்றால் எண்ணெய். ஜெல்லியாக இருந்து, வெந்நீரில் கரைந்து, கறை விடாமல் போனால் கூலண்ட் கலப்படம். அதற்கு ஹெட்டையும் தொட வேண்டாம், கூலரையும் தொட வேண்டாம், கழுவினால் போதும். கிரீம் இளஞ்சிவப்பாக இருந்து வண்டி ஆட்டோமேட்டிக் கியர் என்றால் அது கியர் ஆயில். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆயில் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு துளியைச் சூடான தோசைக்கல்லில் விட்டால், தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று வெடிக்கும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் புகையும். (அந்தக் கல்லில் பிறகு தோசை சுடக் கூடாது, பழைய கல்லாக எடுங்கள்.) ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் வெள்ளைக் கிரீம் இருந்தால் பதற வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிரில் தினம் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் அது வெறும் ஈரப்பதம். ஒரு நீண்ட பயணம் போனால் மறைந்துவிடும்.

ஆயிலில் தண்ணீர் உறுதியானால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். கிளைக்கால் (கூலண்டில் இருக்கும் வேதிப்பொருள்) கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. கட்டி இழுத்துப் போவதே மலிவு.

குமிழிச் சோதனை: காசில்லாதது, ஆனால் பொய் சொல்லும்

இரவு முழுக்க ஆறிய என்ஜின். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். வாட்டர் பம்ப் ஃபேன் பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் சுற்றாமல் அசையாமல் நிற்பதுதான் இந்தச் சோதனையின் உயிர். டைமிங் பெல்ட் பம்பைச் சுற்றும் என்ஜின்களில் இது முடியாது. ஸ்டார்ட் செய்து லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் சூடாகும் முன்பே, தொடர்ந்து குமிழி வந்தால் வாயு ஏறுகிறது. பெல்ட் இல்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள்.

குமிழி வந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் என்று எழுதிவிடக் கூடாது. சிஸ்டத்தில் அடைபட்ட காற்றும் முதல் சில நொடி குமிழியாக வரும், அது நின்றுவிடும். எல்பிஜி மாற்றிய பழைய ஆம்னி, அம்பாசிடரில் கேஸ் ரெட்யூசரைக் கூலண்ட்தான் சூடாக்குகிறது. உள்ளே கசிந்தால் எல்பிஜி நேராகத் தண்ணீருக்குள் ஏறும். லாரி, பஸ்ஸில் பிரேக் கம்ப்ரஸர் ஹெட்டைக் கூலண்ட் குளிர்விக்கும். அதன் கேஸ்கெட் போனால் காற்று குமிழி குமிழியாக ரேடியேட்டருக்கு வரும். இந்த இரண்டிலும் என்ஜின் ஹெட்டை இறக்கி ஒன்றும் ஆகாது. கேஸ் ரெட்யூசரின் ஹோஸை மாற்றிச் சேர்த்து அதைக் கூலண்ட் ஓடும் சுற்றிலிருந்து விலக்கிவிட்டு, பெட்ரோலில் ஓட்டிப் பார்த்தால் அது தெளிவாகிவிடும்.

நீலத் திரவச் சோதனை

இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்றே இருப்பது இது. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்து, உள்ளே நீலத் திரவம் ஊற்றி, ரப்பர் பம்பால் ரேடியேட்டருக்கு மேலே நிற்கும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் பச்சையாகி மஞ்சளாகும். எல்பிஜியோ கம்ப்ரஸர் காற்றோ நிறத்தை மாற்றாது. அதனால் குமிழிச் சோதனையைவிட இதற்கு மதிப்பு கூடுதல்.

செய்வதில் இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, கூலண்ட் மட்டத்தை இரண்டு அங்குலம் குறைக்காமல் வைப்பது. கூலண்ட் குழலுக்குள் ஏறினால் திரவம் கெட்டுவிடும், பிறகு காட்டும் நிறத்துக்கு அர்த்தமில்லை. இரண்டாவது, டீசலை ஐடிலில் வைத்துச் சோதிப்பது. டீசல் ஐடிலில் தேவைக்கு மேல் மிக அதிகக் காற்றோடு எரிகிறது. அந்தப் புகையில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. திரவம் நீலமாகவே நிற்கும், “கேஸ்கெட் ஓகே” என்று அனுப்பிவிடுவார்கள். டீசலை ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து, ஆறவிட்டு மூடியைத் திறந்து, 2000 ஆர்.பி.எம்-இல் நாலைந்து நிமிடம் வைத்து இழுக்க வேண்டும். மஞ்சளானால் நம்பலாம். மாறாவிட்டால் அதை மட்டும் வைத்து ஹெட்டை விடுவிக்கக் கூடாது.

டீசலில் மஞ்சளானாலும் இன்னொரு குற்றவாளி உண்டு: ஈஜிஆர் கூலர், அதாவது என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் புகையைக் கூலண்டால் ஆறவைக்கும் பாகம். புகையும் தண்ணீரும் அதற்குள் ஒரு மெல்லிய தகட்டால்தான் பிரிந்திருக்கின்றன. ஈஜிஆர் கூலர் உள்ள வண்டி என்றால் அதைச் சுற்றிலிருந்து விலக்கி மறுபடி சோதிக்காமல் ஹெட்டுக்குப் போகாதீர்கள்.

இந்தச் சோதனை எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆரம்பத்தில் சொன்ன வண்டிக்கு, அதாவது எண்ணெய் மட்டும் வந்து சூடாகாத வண்டிக்கு, நீலத் திரவம் நீலமாக நிற்பதே எதிர்பார்க்கும் விடை. அந்த விடைதான் உங்களைக் கூலர் பக்கம் தள்ளும்.

கைப்பம்பு அழுத்தச் சோதனை

பட்டறையில் ஒரே ஒரு சோதனைக் கருவிதான் இருக்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். மூடிக்குப் பதில் அடாப்டர் மாட்டி, மூடியில் எழுதிய அளவுக்கு, உதாரணமாக 0.9 பார், கையால் பம்பு அடித்துவிட்டு இருபது நிமிடம் முள்ளைப் பார்ப்பது. அதைவிட அதிகம் ஏற்றினால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பிளக்கும்.

முள் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் உள்ளே போகிறது. எங்கே என்பதற்கு இரவு முழுக்க அழுத்தத்தில் விட வேண்டும். காலையில் முதலில் சம்ப் பிளக்கை (ஆயிலை வடிக்க என்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்) மெதுவாகத் தளர்த்துங்கள்: தண்ணீர் கனமானது, ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும். பிறகு ஸ்பார்க் பிளக்கோ ஹீட்டர் பிளக்கோ எல்லாவற்றையும் கழற்றி, க்ராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று. அதன்பின் ஸ்டார்ட்டர். எந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறதோ அந்த சிலிண்டர்தான். பிளக்கைக் கழற்றாமல் நேராக ஸ்டார்ட்டர் அடித்தால், சிலிண்டரில் தேங்கிய தண்ணீர் அமுங்காது; கனெக்டிங் ராட் வளையும். ஹெட் வேலை என்ஜின் வேலையாக மாறுவது அந்த ஒரு நொடியில்.

கம்ப்ரஷனும் காற்று விடுவதும்

கம்ப்ரஷன் கேஜ் எல்லாரிடமும் இருக்கிறது; அதனாலேயே அதைத் தேவைக்கு மேல் நம்புகிறார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது, சரி. ஆனால் தண்ணீர்ப் பக்கம் ஊசிமுனை அளவு கசிவு இருந்தால் கேஜில் அது தெரியவே தெரியாது. “கம்ப்ரஷன் நாலும் சமமா இருக்கு, கேஸ்கெட் நல்லாருக்கு” என்பது தவறான முடிவு.

காற்று விடுவது வேறு ரகம். சிலிண்டரின் பிஸ்டனை மேல் முனையில், இரண்டு வால்வும் மூடிய நிலையில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பிளக் ஓட்டை வழியே 5, 6 பார் காற்று விட்டு ரேடியேட்டர் வாயைப் பார்ப்பது. குமிழி வந்தால் எந்த சிலிண்டர் என்பதும் கையோடு தெரிந்துவிடும். கம்ப்ரஸரும் அடாப்டரும் இருந்தால் கேஜை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

ஆயில் கூலரைத் தனியாகப் பிடிப்பது

கூலருக்குத் தனித் தண்ணீர் ஹோஸ் இருக்கும் என்ஜின்களில் கழற்றாமலே பிடிக்கலாம். இரண்டு ஹோஸையும் கூலரிலிருந்து எடுத்து ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று சேர்த்துவிடுங்கள். கூலரின் தண்ணீர் முனைகள் இப்போது காலி. என்ஜினை இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட்டினால், உள்ளே ஓட்டை இருந்தால் அந்த முனையிலிருந்து ஆயில் சொட்டும். வேறு சாட்சி தேவையில்லை.

என்ஜினோடு ஒட்டிப் பொருத்திய கூலர் என்றால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஆயில் பக்கம் ஒரு வாயை அடைத்து, இன்னொன்றில் 5 பார் காற்று கொடுத்து, வெந்நீர் வாளியில் முக்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் முக்கி “குமிழி இல்லை” என்று விடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும். கூலர் தேறினாலும் அது உட்காரும் இடத்தில் உள்ள ஓ-ரிங்கை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகி, தட்டையாகியிருந்தால் குற்றவாளி அதுவே. மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு வளையத்தில் முடிகிற வண்டிகள் உண்டு.

எந்த வண்டிக்கு எந்த வழி

மாருதி 800-இல் ஆயில் கூலரே இல்லை. கூலண்டில் எண்ணெய் உறுதி என்றால் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட்டில் வெடிப்பு இருக்கும். கைப்பம்பு போட்டு உறுதிசெய்துகொண்டு ஹெட்டை இறக்கலாம். அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அலுமினிய ஹெட், சிறிய என்ஜின், வேலையும் பெரிதல்ல.

2007 முதல் வந்த ஸ்விஃப்ட் டிடிஐஎஸ், அதே 1.3 லிட்டர் ஃபியட் டீசலைப் போட்ட மற்ற வண்டிகள்: ஆயில் ஃபில்டர் இருக்கும் பகுதியிலேயே கூலர். எண்ணெய் மட்டும் வந்தால் கூலர்தான் முதலில். இங்கே நேராக ஹெட்டை இறக்கச் சொல்கிற பட்டறையிடம் “கூலரை வெந்நீரில் போட்டுப் பார்த்தீங்களா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

குவாலிஸ் போன்ற பழைய ப்ரீ-சேம்பர் டீசல்களில் (ஹெட்டுக்குள் ஒரு சிற்றறையில் டீசல் முதலில் எரியும் வகை) ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் வால்வுக்கு நடுவே ஹெட் வெடிப்பது சகஜம். சூடான வரலாறு இருந்து, ஹோஸ் இறுகி, நீலமும் மஞ்சளாகிவிட்டால் மேலே சொன்ன மற்ற சோதனைகளுக்குக் காசு செலவழிக்காமல் இறக்கிவிடலாம். ஆனால் கேஸ்கெட் செட் வாங்கும் முன் ஹெட்டை லேத் பட்டறையில் வெந்நீரில் அழுத்தச் சோதனைக்குப் போடச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டுப் பயனில்லை. நேர்த்தகடும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவையும் அளக்கச் சொல்லுங்கள், பொதுவாக 0.05 முதல் 0.10 மி.மீ.க்கு மேல் போனால் ஃபேசிங் தேவை, துல்லியமான எல்லை அந்தந்த என்ஜின் மேனுவலில் இருக்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இளஞ்சிவப்புக் கிரீம் வந்தால் என்ஜினைத் தொடவே வேண்டாம். ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் இருக்கிறது, அதுதான் உடைந்திருக்கிறது. எல்லா வகையிலும் அவசரம் அதிகம் இதற்குத்தான், ஏனென்றால் கியர் பெட்டிக்குள் போகும் கிளைக்கால் க்ளட்ச் தகடுகளின் லைனிங்கைப் பிடித்திருக்கும் பசையைக் கெடுக்கும். ரேடியேட்டர் மாற்றி, கியர் ஆயிலைப் பல தடவை மாற்றினாலும் பெட்டி தப்புமா என்பது எத்தனை கிலோமீட்டர் அப்படி ஓடியது என்பதைப் பொறுத்தது.

கழுவிவிட்டு ஓட்டிப் பார்க்கலாமா?

ஒரே ஒரு சூழ்நிலையில் இது சரியான சோதனை: செகண்ட்ஹேண்டில் வாங்கிய வண்டி, சூடாகவில்லை, கூலண்ட் குறையவில்லை, ஆயில் சுத்தம். முந்தைய உரிமையாளர் கூலரை மாற்றிவிட்டு உள்ளே கழுவாமல் விட்டிருக்கலாம். பழைய எண்ணெய் வாரக் கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். நன்றாகக் கழுவி, வெறும் டி.எம். தண்ணீர் ஊற்றி, 200 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி பாட்டில் சோதனை செய்யுங்கள். பேட்டரித் தண்ணீர் என்று கடையில் விற்பதே அந்தத் தண்ணீர்.

ஒழுகல் அடைக்கும் திரவம் ஊற்றுவதை ஒரு வழியாகவே எண்ணவில்லை. 3 பார் ஆயில் அழுத்தத்தை அது தாங்காது. ஹீட்டரின் மெல்லிய குழாய்களை மட்டும் நன்றாக அடைக்கும்.

ஓட்டையை எந்த வழியில் அடைத்தாலும் கழுவுவதில்தான் பாதி வேலை கெடுகிறது. பாத்திரம் கழுவும் லிக்விட் நுரைக்கும்; நுரை காற்றுப் பையாக நின்று என்ஜினைச் சூடாக்கும். நுரைக்காத ரேடியேட்டர் கிளீனர் வாங்குங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும், கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, இருபது நிமிடம் ஓட்டி, வடித்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை மூன்று நான்கு முறை. வடித்த கூலண்டைத் தெருவில் விடாதீர்கள். அதன் இனிப்புக்கு நாயும் மாடும் நக்கும், நக்கினால் சாகும்.

கூலண்ட் ஹோஸ்கள் எண்ணெயைத் தாங்கும் ரப்பர் இல்லை. எண்ணெயில் ஊறியவை உப்பி, அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும். அவற்றையும் தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் புதிதாகப் போட்டுவிட்டு, பாதி கூலண்ட், பாதி டி.எம். தண்ணீர் நிரப்பி, காற்று எடுத்து மூடுங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடி ஒரு பாட்டில் எடுத்து இரவு வையுங்கள். மேலே மெல்லிய வானவில் படலம் மட்டும் தெரிந்தால் அது கழுவாமல் விட்ட மிச்சம். மறுபடி கிரீம் கட்டினால் ஓட்டை இன்னும் இருக்கிறது.